சென்சாரை மாற்றுவதா, வயரைப் பார்ப்பதா?
சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி ஒரே கியரில் முடங்குகிறது; ஸ்கேனரில் மறுபடியும் பி0720 என்ற கோளாறு கோட் (கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் வேகத்தை அளக்கும் சென்சார் பற்றியது). தர்மபுரியில் பலர் இந்தக் குழப்பத்தோடு வருகிறார்கள்.

செலவு: சென்சாருக்குப் பாகமும் கூலியும். வயருக்கு மல்டிமீட்டரும் பொறுமையும்.

நேரம்: சென்சார் சீக்கிரம் முடியும். வயரில் ஒளிந்த கோளாறு ஒரு முழு நாளையும் விழுங்கும்.

நிலைப்பு: இங்கேதான் விஷயம். பி0720 என்பது அவுட்புட் ஸ்பீடு சென்சார் 'சர்க்யூட்' கோளாறு, அதாவது சென்சார், வயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்த மின்பாதையில் எங்கோ கோளாறு. சென்சாரே கெட்டது என்று அர்த்தமில்லை. என் வண்டியில் சென்சாரை இரண்டு முறை மாற்றியும் கோட் திரும்பியது. கடைசியில் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பின்னில் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு. சுத்தம் செய்ததோடு சரி, அப்புறம் வரவில்லை.

குலுங்கும்போது மட்டும் வந்து போனால் முதலில் வயர். கோட் அழித்த உடனே திரும்பி, வயரும் சரியாக இருந்தால் சென்சார்.