சூரிய அடுப்புத் தாள் எண்டு பரிசுப்பொதி சுத்துற தாள் அனுப்பினாங்கள்: 38,500 ரூபா போச்சு

முகநூலில் விளம்பரம் ஓடவிடும் ஒரு இணையக் கடை. பெயர் போடவில்லை. "வெயில் தாங்கும் கண்ணாடித் தாள், 100 மைக்ரோன்" என்று ரோலாக விற்கிறவர்கள் என்றால் வன்னியில் சூரிய அடுப்புக் கட்டுகிற ஆக்களுக்கு விளங்கும். 38,500 ரூபா, முழுக்க முற்பணம். வாங்கும்போது என்னென்ன பார்க்கவேணும் என்பதைக் கீழே எழுதுகிறோம். முதல் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

வெயிலைச் சட்டியில் குவிக்கிற நாலு குழிவுத் தட்டுக்கு உள்ளே ஒட்ட மினுங்குத் தாள் தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் 1.4 மீற்றர் விட்டம், குவியத் தூரம் (தட்டின் நடுவிலிருந்து வெளிச்சம் குவிகிற இடம்வரை) 28 செ.மீ., நடுக்குழி 44 செ.மீ. ஆழம். குழிவோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஒரு தட்டுக்கு 2 சதுர மீற்றர், இதழ் வெட்டும் கழிவோடு இரண்டரை. அதனால் 1.2 மீற்றர் அகலத்தில் 10 மீற்றர் ரோல் கேட்டோம். 3 மி.மீ. கண்ணாடி ஒட்டினால் சதுர மீற்றருக்கு 7.5 கிலோ வரும், சோழகக் காற்றுக்கு நிமிர்த்தி வைக்கப் பெரிய சட்டம் வேணும். 0.5 மி.மீ. அலுமினியத் தகடு 1.35 கிலோ. நல்ல சாமான், ஆனால் விலை கட்டாது. அலுமினியம் பூசிய 100 மைக்ரோன் (0.1 மி.மீ.) பெற் தாள் (PET, சோடாப் போத்தல் செய்கிற பிளாஸ்டிக்) 140 கிராம்தான். அதை மெல்லிய பிளைவூட் இதழ்களில் ஒட்டிக் கம்பி வளையத்தில் கட்டினால் தட்டை ஓராளே தூக்கித் திருப்பலாம்.

நம்பினது எப்படி? கடைத் தம்பி போனில் கேட்ட ஒரு கேள்வி: "அண்ணை, பூச்சுப் பக்கம் வெயிலுக்கோ, பசைக்கோ?" விசயம் தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது. பூச்சு வெளியே இருந்தால் துடைக்கத் துடைக்கக் கழன்று போகும். உள்ளே இருந்தால் வெயிலைப் பிளாஸ்டிக் வாங்கி நாளடைவில் மஞ்சளாகி வெடிக்கும். பிறகு தபாலில் ஒரு மாதிரித் துண்டும் வந்தது. தடிப்பு, முகம் பார்க்கலாம், மைக்ரோமீற்றரில் சரியாக 0.1 மி.மீ. அன்றைக்கே காசு போட்டோம்.

ரோல் வந்தபோது கைக்குப் பாரமாகத்தான் இருந்தது. பாரமெல்லாம் உள்ளே இருந்த மட்டைக் குழாய்! குழாயை உருவிவிட்டு நிறுத்தால், ஒரு தட்டுக்கு வெட்டினதுபோக மிச்சத் தாள் 173 கிராம். மிச்சம் 9.5 சதுர மீற்றர், பெற் தாள் என்றால் 1,330 கிராம் நிற்கவேணும். வந்தது 20 மைக்ரோன் சரிகைத் தாள், பிறந்தநாள் பொதி சுற்றுகிற சாமான். ஆனால் அதை நிறுத்தது ஒரு தட்டு ஒட்டின பிறகுதான், அந்தப் பிழை எங்கட.

ஒட்டும்போதே ரப்பர் பசையின் கரைப்பான் பட்டுத் தாள் சுருங்கியது. சுருக்கம் சின்ன விசயமில்லை. பரப்பு 1 பாகை சரிந்தால் கதிர் 2 பாகை விலகும். இந்தத் தட்டின் விளிம்பிலிருந்து குவியம் 72 செ.மீ. தூரம், அதனால் வெளிச்சம் அங்கே 2.5 செ.மீ. தள்ளி விழும். 5 பாகைச் சுருக்கம் என்றால் சட்டியையே தாண்டிப் போகும். உள்ளங்கை அளவில் விழவேண்டிய வெளிச்சம் சுளகளவில் பரந்து கிடந்தது. அரை மணித்தியாலத்துக்குள் கொதிக்கவேண்டிய 2 லீற்றர் தண்ணி ஒரு மணித்தியாலம் கழிந்தும் கொதிக்கவில்லை.

கடைக்குப் போன் எடுத்தோம். முதல் நாள், "கூரியர்காரர் மாத்திப்போட்டினம் போல." இரண்டாம் நாள், "படம் அனுப்புங்கோ." தராசோடு படம் அனுப்பினோம். பிறகு, "வெட்டின சாமான் திருப்பி எடுக்கமாட்டம்." வெட்டாத மூன்று பங்கு அப்படியே இருக்கிறது என்றோம். அதற்கு வந்த பதில்: "உங்கட வன்னி வெயில் கூட அண்ணை, அதுதான் சுருங்குது." வெயிலுக்கென்று விற்கிற சாமானுக்கு வெயில் கூடவாம்! நேற்றிலிருந்து எங்கட இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். 38,500 ரூபா. அந்தக் காசுக்கு அலுமினியத் தகட்டிலேயே ஒரு தட்டாவது முடித்திருக்கலாம்.

சரி, கெதியாகச் சொல்லுகிறோம். மாதிரித் துண்டை நம்பாதேங்கோ. ரோலைக் குழாய் இல்லாமல் நிறுத்துப் படம் கேளுங்கோ, 100 மைக்ரோன் பெற் என்றால் சதுர மீற்றருக்கு 140 கிராம். சின்னத் துண்டு வெட்டித் தண்ணிக்குள் அமத்தி, குமிழ் போக விட்டுப் பாருங்கோ: பெற் தாழும், சரிகைத் தாள் மேலே வரும். அதுக்கு முதல் பசை பூசவேண்டாம். முழுக்காசும் முதலே கேட்டால் விட்டுவிடுங்கோ. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறோம், இப்ப ஒட்டின தட்டை உரிக்கவேணும்.