பூரணிக்கு உணவூட்டிய நான்கு வாரங்கள்: சேலத்தில் கிடைத்ததும் கிடைக்காததும்

ஏப்ரல் கடைசியில் சிட்னியிலிருந்து சேலம் வந்தபோது, அஸ்தம்பட்டி வீட்டு வாசலுக்கு எப்போதும் முதலில் ஓடிவரும் பூரணி அன்று எழுந்து வரவில்லை. அம்மா வளர்க்கும் பூனை அவள், வயது 14. முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு இளைத்திருந்தாள். "வெயில் ஜாஸ்தி கண்ணு, அதான் தண்ணியா குடிக்கிறா" என்று அம்மா சொன்னார். சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றலைச் சிறுநீரகம் இழக்கும்போது நீர் அப்படியே வெளியேறிவிடுவதால், பூனை எவ்வளவு குடித்தாலும் உடல் வறண்டே இருக்கும் என்பதைச் சேலத்து வெயில் எங்களுக்கு மறைத்துவிட்டது.

பரிசோதனையைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. காலையில் எடுத்த ரத்தத்துக்கு மாலையிலேயே முடிவு வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.6, அதுபோலவே ரத்தத்தில் தேங்கிவிடும் பாஸ்பரஸ் 6.8. பூனைகளின் சிறுநீரக நோயை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள், கிரியாட்டினின் 2.9 முதல் 5.0 வரை இருந்தால் அது மூன்றாம் நிலை. ஏறக்குறைய முக்கால் பங்கு செயல்பாடு போன பிறகுதான் இந்த அளவு ஏறத் தொடங்கும் என்பதால், நோய் நேற்று வந்ததல்ல என்பது அம்மாவுக்கும் புரிந்தது. ஸ்கேன் எடுக்க மட்டும், 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு விடியற்காலையிலேயே காரில் கிளம்பிச் சென்று, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம்.

குறை உணவு விஷயத்தில்தான். முதலில் பார்த்த மருத்துவமனையில், சிறுநீரக நோய்க்கான தனி உணவின் பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதைத் தவிர எதுவும் வைக்காதீங்க, பசிச்சா தானா சாப்பிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். பூரணி இரண்டு நாள் அந்தத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய்க்குப் பட்டினி தாங்கும், பூனைக்குத் தாங்காது. இரண்டு மூன்று நாள் உண்ணாத பூனையின் உடற்கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி, சிறுநீரக நோயைவிட விரைவாக அதன் உயிரைப் பறித்துவிடக்கூடும். அந்த ஒரு வாக்கியத்தை யாராவது எங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

மூன்றாம் நாள், அரசுப் பணியில் ஓய்வுபெற்று வீட்டிலேயே மாலை நேரத்தில் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கட்டணம் 300 ரூபாய்; எங்களுக்காக அவர் செலவிட்ட நேரம் முக்கால் மணி. அவர் முதலில் குமட்டலுக்கு ஊசி போட்டார். குமட்டல் இருக்கும்போது புது உணவை வைத்தால், பூனை அந்த உணவையே தன் வேதனையோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு பிறகு எப்போதும் தொடாமல் போகக்கூடும் என்றார். "மொதல்ல ஏதாவது சாப்பிடட்டும்மா, எது சாப்பிடணும்ங்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவர் அம்மாவிடம் சொன்னபோது, இரண்டு நாளாகக் குற்றவுணர்வில் இருந்த அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் அடுக்களைப் பழக்கங்களை ஒவ்வொன்றாகப் பேசினார். மேட்டூர் அணை மீன் வாங்கும் நாளில் தலையையும் முள்ளையும் வேகவைத்துப் பூரணிக்குப் போடுவது அம்மாவின் பல வருட வழக்கம். எலும்பில்தான் பாஸ்பரஸ் மிகுதி; மூன்றாம் நிலையில் ரத்தத்தில் அதன் அளவை 5-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். கருவாட்டில் உப்பு. குழம்பு மீனைக் கழுவிப் போட்டாலும் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். இவற்றுக்குப் பதிலாக, உப்பில்லாமல் வேகவைத்த முள்ளில்லாத மீன் சதை ஒரு தேக்கரண்டியும், பாஸ்பரஸ் மிகக் குறைந்த முட்டை வெள்ளைக்கருவும் வாசனைக்காக மட்டும் சேர்க்கச் சொன்னார். அவற்றையே முழு உணவாக்கினால் பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்தும் கால்சியமும் குறைந்துபோகும் என்றும் எச்சரித்தார்.

தனி உணவில் உலர்ந்த வகை சேலத்துக் கடைகளில் கிடைக்கிறது. அதில் ஈரம் பத்து சதவீத அளவுதான். ஈரமான வகையில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். அதை இணையத்தில் வரவழைக்க ஐந்து நாள் ஆயிற்று. அதுவரை உலர் உணவை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்தோம். பழைய உணவோடு முதல் வாரம் கால் பங்கு, அடுத்த வாரம் பாதி என்று கூட்டிக்கொண்டே போனோம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததைக் கிண்ணத்தோடு சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்கினால்தான் வாசனை எழும்பி முகர்ந்து பார்ப்பாள். எறும்பு ஏறாமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே கிண்ணத்தை வைக்க அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றும் அலுமினியம் ஹைட்ராக்சைடுக்குத்தான் அதிகம் அலைந்தோம். மெடிக்கல் கடைகளில், மனிதர்களின் நெஞ்செரிச்சலுக்கான, மெக்னீசியம் கலந்த புதினாச் சுவை மருந்தையே எடுத்து நீட்டினார்கள். அது இந்த நோய்க்கு ஆகாது. தனி மருந்தை ஒரு கடைக்காரர் சென்னையிலிருந்து தருவித்துக் கொடுத்தார். அது குடலில் உணவோடு கலந்திருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், ஒவ்வொரு வேளை உணவிலும் பிசைந்தே கொடுக்க வேண்டும்.

இந்தப் பயணத்தில் கிடைத்த மிகச் சிறந்த சேவை அந்த மருத்துவரின் உதவியாளருடையது. தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்ற அவர் மூன்று நாள் வீட்டுக்கே வந்தார். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி ஊசியைச் செலுத்துவதை, 71 வயதான அம்மாவின் கையைப் பிடித்தே பழக்கினார். நான்காம் நாள் அம்மா தனியாக 100 மில்லி ஏற்றினார்.

எடை பார்க்க, ஞாயிறுதோறும் கூடையோடு தெருமுனை மளிகைக் கடைத் தராசுக்குப் போகிறோம். முதல் வாரம் 2.7 கிலோ, நான் கிளம்பும் வாரம் 2.85. அந்த எண்களை அம்மா தினசரிக் காலண்டர் தாளில் எழுதிக் கிழிக்காமல் சேர்த்து வைக்கிறார். அடுத்த ரத்தப் பரிசோதனை ஆனி பிறந்ததும். ரத்தம் எடுக்க அந்த உதவியாளரே வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.