நெல்லைப் போர்டுக்கு ஒடுங்கிய எழுத்து: அநேக்கா, நோட்டோவா?

கங்கைகொண்டான் சிப்காட் கம்பெனியோ பாளையங்கோட்டை ஜிம்மோ, போர்டு கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது ஒல்லியான, உயரமான, இயந்திரத்தனமான எழுத்துதான் வேண்டும். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட ஃபான்டுகளுக்குப் பஞ்சமில்லை: பெபாஸ் நியூ, டெக்கோ, ராஜதானி. மூன்றிலும் தமிழ் கிடையாது. பின்னவை இரண்டிலும் தேவநாகரி உண்டு. அது நெல்லைக்கு ஆகாது.

கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது அரசு விதி. ஆகவே முதலில் முடிவாக வேண்டியது தமிழ் ஃபான்ட்.

பலரும் செய்வது, சாதாரணத் தமிழ் எழுத்தைக் கோரல் ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் பக்கவாட்டில் அமுக்குவது. 62.5 சதவீதத்துக்கு அமுக்கினால் 20 மி.மீ. நெடுங்கோடு 12.5 ஆகிவிடும், படுக்கைக்கோடு 20 ஆகவே நிற்கும். அதில் 9 மி.மீ. பிக்சல் பல்புக்குத் துளை போட்டால் இருபுறமும் மிஞ்சுவது 1.75 மி.மீ. போர்டுக்குப் போடும் ஏசிபி (அலுமினியப் பூச்சுப் பலகை) ஷீட் அங்கேதான் கிழியும்.

ஒடுக்கமாகவே வரைந்த தமிழ் ஃபான்டுகளில் இங்கே பார்ப்பவை இரண்டு. சாதாரண அகலத்தை 100 என்று வைத்தால், நோட்டோ சான்ஸ் தமிழின் அகலம் அதிலிருந்து 62.5 வரை இறங்கும். அநேக் தமிழ் 75 வரைதான். எதிர்ப்பக்கம் 125 வரை விரியும். இடம் மிச்சம் பிடிப்பதில் நோட்டோவுக்கே வெற்றி. 'பாளையங்கோட்டை' போன்ற பெயர் டவுன் ரதவீதியின் குறுகிய கடை முகப்பில் அடங்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஆனால் நோட்டோவின் முகம் அரசு விண்ணப்பப் படிவத்தின் முகம். அநேக்கின் ஒடுங்கிய வடிவில் வளைவுகள் கேப்சூல் மாத்திரைபோலப் பக்கங்களில் நிமிர்ந்து நிற்கும். கேட்கிற 'ஃபியூச்சர் லுக்' அதில்தான் இருக்கிறது. வண்ணார்பேட்டை பைபாஸில் ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்க வேண்டிய போர்டுக்கு எங்கள் ஓட்டு அநேக்குக்கே.

தடிமனில் ஆசைப்பட வேண்டாம். சாதாரணத் தடிமன் 400 என்ற கணக்கில் அநேக் 800 வரை போகும். ஒடுக்கத்தோடு 800 சேர்ந்தால் ண, ஞ, ஷ ஆகியவற்றின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். 600 போதும். அகலமும் தடிமனும் ஒரே கோப்பில் மாறும் ஃபான்ட் (வேரியபிள்) பழைய மென்பொருளில் சரியாக வராது. 'கண்டென்ஸ்டு செமிபோல்டு' என்ற தனிக்கோப்பை ஏற்றுங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத ஃபான்டில் தட்டிய பெயரை யூனிகோடாக மாற்றாமல் ஃபான்டை மட்டும் மாற்றினால் குப்பைதான் வரும். கட்டிங்குக்கு அனுப்புமுன் கண்ட்ரோல்-கியூ அழுத்தி வளைகோடாக்கிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே அந்த ஃபான்ட் இல்லாதபோது எழுத்தே மாறிப்போகும்.

ஆங்கிலத் துணைக்கு, அநேக்கிலேயே உள்ள ஆங்கிலம் போதும். தனித்து நிற்க வேண்டுமானால் டெக்கோ. அது அதே பாயின்ட்டில் சிறிதாகத் தெரியும், ஆகவே எழுத்தின் உயரத்தை அளந்து பொருத்துங்கள். பெபாஸில் சின்ன எழுத்தே கிடையாது. ராஜதானி அழகுதான், ஆனால் ஆங்கிலத்துக்குரிய 3 பங்கு அளவில் கோடு மெலிந்து தூரத்தில் கரைந்துவிடும்.

இரண்டு தமிழ் ஃபான்டுக்கும் பொதுவான தொல்லை, மெய்யெழுத்தின் புள்ளி. வெட்டும்போது அது தனித்துண்டாக வரும். வெறும் டபுள்டேப்பில் ஒட்டினால் நெல்லை வெயிலில் பசை இளகி, போர்டு 'திருநெலவேலி' ஆகிவிடும். புள்ளிக்கும் பின்னால் ஒரு ஸ்டட் (திருகுக் கம்பி) வைத்து முடுக்கச் சொல்லுங்கள்.