நியூசிலாந்தில் பழைய வேன் வாங்கிச் சுற்றப் போகிறவர்களுக்கு: பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நியூசிலாந்தின் தெற்குத் தீவை நிதானமாகச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் பலரும் வாடகைத் தொகையைப் பார்த்ததும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். பழைய வேன் ஒன்றை வாங்குவது, ஊர் திரும்பும்போது விற்றுவிடுவது. அந்தக் கணக்கில் தவறில்லை. சுற்றுலா விசாவில் போனவரும் தன் பெயரில் வண்டியைப் பதிவு செய்துகொள்ளலாம். நம் ஊர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அதை வைத்தே ஓட்டலாம். சாலையிலும் நமக்குப் பழகிய இடப்பக்கம்தான். நானும் என் கணவரும் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி அப்படித்தான் ஒரு டீசல் டொயோட்டா ஹையேஸ் வேனை 7,800 நியூசிலாந்து டாலருக்கு வாங்கினோம்.

விற்ற ஆள் தன்னையும் ஒரு பயணியாகத்தான் சொல்லிக்கொண்டான். விசா முடியப் போகிறது, அடுத்த வாரம் விமானம், அதனால்தான் இந்த விலை என்றான். நகருக்கு வெளியே ஒரு தகர ஷெட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. உள்ளே மெத்தை, கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருந்தன. நாங்கள் போனபோதே என்ஜின் சூடாக இருந்தது. உங்களுக்கு ஓட்டிக் காட்டத்தான் முன்கூட்டியே எடுத்து வைத்தேன் என்றான். என் கணவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கக் கேட்டார். சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும் என்று தடுத்தான். அது உண்மைதான், சூடான என்ஜினில் அந்த மூடியைத் திறக்கக் கூடாது. அவன் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்ததும் அதற்காகவேதான் என்பது மெக்கானிக் சொன்ன பிறகு தெரிந்தது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், என்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் வருவேன், நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் அடி டீசல் வரியில் விழுந்தது. நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அங்கே பெட்ரோல் வண்டிக்கான சாலை வரி பெட்ரோல் விலையிலேயே சேர்ந்துவிடும். டீசலுக்கு அப்படி இல்லை. ஓடப்போகிற தூரத்தை 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே வாங்க வேண்டும். இதற்கு ஆர்.யூ.சி. என்று பெயர். ஹையேஸ் மாதிரி வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர், அதோடு ஒரு சிறு கட்டணம். ஓடோமீட்டரில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கட்டியிருக்கிறது என்று அச்சிட்ட அட்டை முன்கண்ணாடியில் இருக்க வேண்டும். எங்கள் வேனில் அந்த இடம் காலியாக இருந்தது. நேற்றுதான் இணையத்தில் கட்டினேன், அட்டை தபாலில் வரும், வந்ததும் நீங்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுகிறேன் என்றான். அட்டை தபாலில் வருவது அங்கே வழக்கம்தான், அதனால் அந்தப் பேச்சு இயல்பாகவே இருந்தது.

அட்டை வரவே இல்லை. இந்த வரி கட்டும் கவுண்டரில் போய் நாங்களே வாங்கலாம் என்று கேட்டபோது, அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு எங்கள் ஓடோமீட்டர் எண்ணை இரண்டு முறை கேட்டாள். கடைசியாகக் கட்டிய தூரம் முடிந்து, அதன் பிறகு 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய அட்டை எந்த எண்ணில் முடிந்ததோ அங்கிருந்துதான் புதியதை வாங்க முடியும். யார் ஓட்டினார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. பாக்கி வண்டியோடு வரும். 1,064 டாலர், கட்டணம் தனி. நாங்கள் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாத தூரத்துக்கு அதைக் கட்டினோம்.

அதற்கு அப்புறம் மேற்குக் கரைக்குக் கிளம்பினோம். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து 73-ஆம் நெடுஞ்சாலையில் போனால், ஸ்பிரிங்ஃபீல்டைத் தாண்டியதும் போர்ட்டர்ஸ் பாஸ் ஏற்றம் வரும். ஆர்தர்ஸ் பாஸைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் போர்ட்டர்ஸ் பாஸ் அதைவிடவும் சற்று உயரம். அந்த ஏற்றத்தில் பாதி போகும்போதே வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. இருக்கைக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டி நிறுத்தக்கூட இடமில்லாத வளைவு. பின்னால் லாரி. என் கணவர் எப்படியோ ஒரு சரளைத் திட்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. பணம் போனதை விடுங்கள். இப்படிப்பட்ட வண்டியை மலைப்பாதைக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்தே ஒருவன் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறான்.

கிறைஸ்ட்சர்ச்சுக்கு இழுத்து வந்த பிறகு மெக்கானிக் பார்த்துச் சொன்னார். ஹெட் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ் பகுதிக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு, போயிருக்கிறது. அது தெரியாமல் இருக்க, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தில் ஒழுகலை அடைக்கும் மருந்தை ஊற்றியிருக்கிறார்கள். ஊருக்குள் சமதளத்தில் ஓட்டினால் சில நாள் தாங்கும், ஏற்றத்தில் தாங்காது. சரி செய்ய அவர் சொன்ன தொகை, வண்டியை வாங்கிய விலையில் பாதியைத் தாண்டியது. வேனை உதிரி பாகத்துக்கு விற்றுவிட்டு, மீதிப் பயணத்துக்கு ஒரு சின்ன பெட்ரோல் காரை வாடகைக்கு எடுத்தோம்.

இன்னொரு விஷயம், டபிள்யூ.ஓ.எஃப். எனப்படும் தகுதிச் சான்று. நம் ஊர் எஃப்.சி. மாதிரி. வண்டியை ஒப்படைக்கும்போது அந்தச் சான்று எடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதிலிருந்து தப்பிக்க ஒரு வழி உண்டு. வண்டி எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே வாங்கிக்கொள்கிறேன் என்று வாங்குபவர் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். எங்களிடம் ரசீது என்று சொல்லி நீட்டிய தாளின் கீழே, பொடி எழுத்தில் அந்த வரி இருந்தது. யாராவது அப்படி ஒரு வரியில் கையெழுத்து கேட்டால் அந்த வண்டியே வேண்டாம் என்று வந்துவிடுங்கள். வேறு நூறு வேன் கிடைக்கும்.

பிறகு விடுதியில் பேசியபோதுதான் அந்த ஆளின் முழுக்கதையும் தெரிந்தது. இன்னும் இரண்டு ஜோடிகள் அதே ஷெட்டில், வேறு வேறு பெயரில், அதே ஆளிடம் வண்டி வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடமும் அதே விசா கதை, அதே விமானக் கதை. அங்கே 12 மாதத்தில் ஆறு வண்டிக்கு மேல் விற்பவரைச் சட்டம் வியாபாரியாகத்தான் பார்க்கும், அவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுள்ள வியாபாரி என்றால் வண்டியின் விவரங்களை எழுதிய அறிவிப்பு கண்ணாடியில் இருக்க வேண்டும், 1993-ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டமும் நமக்குத் துணை நிற்கும். தனி ஆளிடம் வாங்கினால் அந்தச் சட்டம் கிடையாது. பயணி வேஷம் போட்டதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. நம்பர் பிளேட் எண்ணை வைத்து கார்ஜாம் போன்ற தளத்தில் அறிக்கை எடுங்கள். வரி எதுவரை கட்டியிருக்கிறது, வண்டி எத்தனை முறை கைமாறியிருக்கிறது என்று வந்துவிடும். வண்டிமேல் கடன் இருக்கிறதா என்று பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் பாருங்கள். கடன் இருந்தால், தனி ஆளிடம் வாங்கிய வண்டியைக் கடன் கொடுத்த கம்பெனி வந்து தூக்கிக்கொண்டு போகலாம். வண்டிச் சோதனை நிறுவனமான வி.டி.என்.இசட்., வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ. இரண்டிலும் வாங்கும் முன் வண்டியைச் சோதித்துத் தருவார்கள். அங்கே கொண்டுபோகலாமா என்று கேட்டபோதுதான் எங்கள் ஆள், மாலையில் இன்னொருவர் பணத்தோடு வருகிறார் என்று அவசரப்படுத்தினான். காப்பீடு அங்கே கட்டாயமில்லை, ஆனால் மற்றவர் வண்டிக்கு ஆகும் சேதத்துக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பொய் சொல்லி விற்றதற்காக சிறு வழக்குகளை விசாரிக்கும் டிஸ்பியூட்ஸ் டிரிப்யூனலில் மனு போட்டிருக்கிறோம். வக்கீல் தேவையில்லை. அவன் கொடுத்த முகவரிக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்துவிட்டது. மற்ற இரண்டு ஜோடிகளும் எங்களோடு சேர்ந்து வாகன வியாபாரிகள் பதிவேட்டு அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாரம் அதே தகர ஷெட் பின்னால் தெரிய, ஒரு வெள்ளை ஹையேஸ் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்திருக்கிறது. டீசல் வண்டி, கண்ணாடியில் வரி அட்டை இல்லை. கிறைஸ்ட்சர்ச்சில் வேன் தேடிக்கொண்டிருப்பவர்கள் அந்த விளம்பரத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்ய வேண்டாம். ஏற்கெனவே அவனிடம் வாங்கியவர் யாராவது இருந்தால் ரசீதை எங்களுக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துவிடுகிறோம்.