மருந்துக்கடைப் பெடியன் ஊசி போடுவதா, கேள்வி கேட்பதா?

தடுப்பூசி எடுப்பவர்களின் தொகை கூடவேண்டுமென்றால் மருந்துக்கடை உதவியாளர்களைப் பழக்கலாம். எதற்குப் பழக்குவது என்பதில்தான் இரண்டு வழி.

ஒன்று, ஊசி போடவே பழக்குவது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 2017இல் இதற்கு வழிவிட்டது. கொரோனாக் காலத்தில் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. ஆனால் அங்கே மருந்தாளர் பக்கத்தில் நிற்பார். ஊசிமருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். இங்கே இலங்கையில், மாங்குளம் போன்ற ஊரில் அரை நாள் கரண்ட் போனால்? பிள்ளைகளின் ஊசிகள் எங்களுக்குக் கிளினிக்கில் இலவசம் வேறு.

மற்றது, கேள்வி கேட்டு, ஊசிக்குக் கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்பப் பழக்குவது. என் வாக்கு இதற்குத்தான். வயலில் ஆணி குத்தின காலோடு ஒருவர் வருகிறார்.

"தம்பி, ஒரு பிளாஸ்டர் தாங்கோ."

பழகாதவன் கொடுத்துக் காசை வாங்குவான். பழகினவன், "அண்ணை, ஏற்பு ஊசி கடைசியா எப்ப போட்டனீங்கள்?" என்று டெட்டனஸ் ஊசியைக் கேட்பான். நாய் கடித்ததற்குப் பூசுமருந்து கேட்டால், சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவான். பனடோல் பாணி வாங்க வரும் தாயிடம் பிள்ளையின் வயசைக் கேட்பான். சின்னமுத்து (மீசில்ஸ்) ஊசி 9 மாதத்தில் ஒன்று, 3 வயசில் இன்னொன்று. ஓடித்திரியும் வயசில் இரண்டாவது மறந்துபோகலாம்.

கடைக்காரர் முதலில் முணுமுணுப்பார், வரிசை நீளுது என்று. சரி, அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவின் கிளினிக் நாளையும் நேரத்தையும் கவுண்டரில் ஒட்டிவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.