சம்மர்ஹில் ஸ்கூல் (லெய்ஸ்டன், சஃபோக்): ஒரு பேரன்ட்டோட ரிவ்யூ

கிளாஸுக்கு போயே ஆகணும்னு கட்டாயம் இல்லாத ஸ்கூல்னு சொன்னா நம்ம ஆளுங்க உடனே கேக்குறது 'அப்புறம் எதுக்கு ஃபீஸ் கட்டணும்'னுதான். நியாயமான கேள்விதான். பொண்ணுக்கு செகண்டரி ஸ்கூல் தேடுறப்ப எனக்கும் அதே கேள்விதான் இருந்துச்சு. சுத்தி எல்லாரும் லெவன் ப்ளஸ் (கிராமர் ஸ்கூல்ல சேர எழுதற நுழைவுத் தேர்வு) டியூஷன்னு ஓடிட்டு இருக்கற நேரத்துல லண்டன்ல இருந்து கிழக்கு இங்கிலாந்துல இருக்கற சஃபோக் வரைக்கும் போய் இந்த ஸ்கூலை பாத்துட்டு வந்தோம், வந்தப்புறம் இதோட கதையை தேடித்தேடி படிச்சேன். அந்தக் கதை தெரியாம இந்த ஸ்கூலை எடை போட முடியாதுன்றது என் கருத்து.

ஆரம்பிச்சவர் ஏ.எஸ். நீல், ஸ்காட்லாந்துக்காரர். அப்பா கிராமத்து வாத்தியார், அவர்கிட்டயே படிச்சவர். 'வாத்தியார் பிள்ளை மக்கு'ன்னு நம்ம ஊர்ல சொல்ற மாதிரிதான் வீட்டுல இவரை பாத்திருக்காங்க, மத்த பிள்ளைங்களை எல்லாம் பெரிய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு இவரை மட்டும் வேலைக்கு அனுப்பிட்டாங்க. அது சரிப்படாம திரும்பி வந்து அப்பா ஸ்கூல்லயே வாத்தியார் வேலை பழகி, தானும் பெல்ட்டால பசங்களை அடிச்சு, பயந்த பிள்ளை எதையும் கத்துக்காதுன்னு ஒரு கட்டத்துல முடிவுக்கு வந்தவர். 1921ல ஜெர்மனியில டிரெஸ்டன் பக்கத்துல ஆரம்பிச்சார், அங்கேர்ந்து ஆஸ்திரியா மலைப்பக்கம், அங்க ஊர்க்காரங்களுக்கு புடிக்கல, அப்புறம் இங்கிலாந்துல லைம் ரீஜிஸ்ல சம்மர்ஹில்ன்ற ஒரு வீடு, 1927ல லெய்ஸ்டன். வீட்டோட பேரையும் கூடவே கொண்டு வந்துட்டாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வேல்ஸுக்கு போய் இருந்துட்டு 1945ல திரும்பி வந்தாங்க. 50கள் கடைசியில பசங்க ரொம்ப கம்மியாகி மூடுற நிலைமை, 1960ல நீலோட புத்தகம் அமெரிக்காவுல பெரிய ஹிட் ஆனதும்தான் அங்கேர்ந்து பிள்ளைங்க வந்து ஸ்கூல் பொழச்சுது. 1973ல நீல் இறந்தப்புறம் அவர் மனைவி ஈனா நடத்தினாங்க, 1985ல மகள் ஸோயி ரெட்ஹெட் பொறுப்பு எடுத்துக்கிட்டாங்க.

இப்ப முக்கியமான விஷயம். 1999ல கவர்மென்ட் இன்ஸ்பெக்ஷன் பண்ற ஆஃப்ஸ்டெட் வந்து பாத்துட்டு, இங்க பசங்க சோம்பேறித்தனத்தை சுதந்திரம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்கன்ற ரேஞ்சுல ரிப்போர்ட் எழுதிட்டாங்க. கிளாஸுக்கு வர்றதை கட்டாயமாக்கு, இல்லன்னா ஸ்கூலை மூடவேண்டி வரும்ன்ற நிலைமை. ஸ்கூல் வளைஞ்சு கொடுக்கல, கேஸ் நடத்துச்சு. 2000 மார்ச்ல லண்டன் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்ல விசாரணை, சில நாள்லயே அரசு தரப்பு சமரசத்துக்கு வந்துடுச்சு. அந்த சமரசத்தை ஏத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணது யாருன்னு நினைக்கிறீங்க? வக்கீல் இல்ல, ஸோயி மட்டும் இல்ல. கோர்ட் ரூம்லயே பசங்க அவங்க ஸ்கூல் மீட்டிங்கை (பசங்களும் டீச்சர்களும் சேர்ந்து ஓட்டு போட்டு ஸ்கூல் விதிகளை முடிவு பண்ற கூட்டம்) கூட்டி, பேசி, ஓட்டு போட்டு ஏத்துக்கிட்டாங்க. இனிமே இன்ஸ்பெக்ஷன் பண்றப்ப ஸ்கூலோட கொள்கையையும் பசங்க சொல்றதையும் கணக்குல எடுத்துக்கணும்னு அதுல ஒத்துக்கிட்டாங்க. எத்தனையோ ஸ்கூல்ல 'ஸ்டூடன்ட் கவுன்சில்'னு பேருக்கு ஒண்ணு இருக்கும், கேன்டீன் மெனுவுக்கு மேல அதுக்கு அதிகாரம் கிடையாது, இங்க ஸ்கூல் இருக்குமா போகுமான்றப்பவே பிள்ளைங்ககிட்ட கேட்டிருக்காங்கன்னு படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, உண்மையாவே.

அதனால என் ரிவ்யூல முதல் மார்க் கிளாஸுக்கு போகாம இருக்கற சுதந்திரத்துக்கு இல்ல, அந்த மீட்டிங்குக்குத்தான். அஞ்சு வயசு குழந்தைக்கும் ஒரு ஓட்டு, டீச்சருக்கும் ஒரு ஓட்டு, பிரின்சிபாலுக்கும் ஒரே ஒரு ஓட்டுதான். யாராவது உன் சைக்கிளை கேக்காம எடுத்துட்டா மீட்டிங்ல புகார் கொடுக்கலாம், லஞ்ச் க்யூல கடைசியில நிக்கறது, பாக்கெட் மணில ஃபைன்னு தண்டனையும் அங்கயே முடிவாகும். வெளிய இருந்து பாக்கறவங்க விதியே இல்லாத இடம்னு நினைக்கறாங்க, ஆனா இங்க சட்டம் அவ்ளோ இருக்கு, எல்லாம் அவங்களே போட்டது. அங்கயே தங்கிப் படிக்கற பசங்க படுக்கற நேரத்துக்கான விதியை ஓட்டு போட்டு தூக்கிட்டு, தூக்கம் கெட்டு தள்ளாடி, திரும்ப அவங்களே கொண்டு வந்த கதையும் உண்டு. உயிருக்கு ஆபத்தான விஷயம், நாட்டு சட்டம் சம்பந்தப்பட்டது, இதுல மட்டும் ஓட்டு கிடையாது.

டீச்சர் டைம்டேபிள் படி கிளாஸ்ல இருக்கணும், பிள்ளை வரலாம் வராம இருக்கலாம். ஜிசிஎஸ்இ (பதினாறு வயசு வாக்குல எழுதற பொதுத் தேர்வு) எழுதணும்னா எழுதலாம்.

குறைன்னு பாத்தா எனக்கு முதல்ல உறுத்தினது காசு. கவர்மென்ட் பணம் ஒரு பைசா வர்றதில்ல, மொத்தமும் ஃபீஸ்தான். இவ்ளோ நல்ல ஒரு யோசனை வசதி உள்ள வீட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டும் கிடைக்குதுன்றது எனக்கு ஜீரணிக்கவே முடியல. ரெண்டாவது, சின்ன ஸ்கூல், நூறு பேர் கூட கிடையாது, அதனால பெரிய லேப், பத்து பதினஞ்சு சப்ஜெக்ட்ல சாய்ஸ் எல்லாம் எதிர்பாக்காதீங்க. பாதியில எடுத்து சாதாரண ஸ்கூல்ல போடலாம்னு ப்ளான் இருந்தா சுத்தமா வேண்டாம், ஏன்னா வேற ஸ்கூல்லேர்ந்து நடுவுல இங்க வர்ற பிள்ளை முதல்ல கொஞ்ச மாசம் கிளாஸ் பக்கமே போகாம விளையாடும், அந்த நேரத்துல பேரன்ட் பயந்து தொந்தரவு பண்ணா எல்லாம் வீணாயிடும். நீலே தன் எழுத்துல இதை திரும்பத்திரும்ப சொல்றார், முந்தின ஸ்கூல் மேல வெறுப்பு எவ்ளோ இருக்கோ அவ்ளோ நாள் ஆகும் திரும்ப கிளாஸ் பக்கம் வர்றதுக்கு.

கொஞ்சம் வளர்ந்த பசங்களை புதுசா சேக்க தயங்குவாங்க, அதனால யோசிக்கறவங்க பிள்ளைக்கு பத்து வயசுக்குள்ளயே போய் பாத்துடுங்க. போறப்ப பிள்ளையையும் கூட்டிட்டு போங்க, கேள்வியை ஸ்டாஃப்கிட்ட கேக்காம அங்க இருக்கற பசங்ககிட்ட கேளுங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒண்ணு ஃபீஸுக்காக குறைச்சது.