என்எஃப்எல் 2020 ஆப்ட் அவுட் திட்டம்: ஒரு சீஃப்ஸ் ரசிகனோட ரிவியூ (5க்கு 3)

கொரோனா வந்த 2020ல அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்எஃப்எல் தன்னோட ப்ளேயர்ஸுக்கு ஒரு ஆஃபர் குடுத்துச்சு. பயமா இருக்கா, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா, இந்த சீசன் ஆட வேணாம், கான்ட்ராக்ட் அப்படியே இருக்கும், அடுத்த வருஷம் வந்து ஆடிக்கோ, இதுதான் ஆஃபர். ஆப்ட் அவுட்னு பேரு. 60 பேருக்கு மேல எடுத்துக்கிட்டாங்க. அதுல மூணு பேர் நான் உயிரா பாக்கற கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் டீம்காரங்க, அதனால இதை நான் கொஞ்சம் கூடவே நோண்டிப் படிச்சேன். ப்ளேயரோட பக்கத்துல இருந்து பாத்தா இந்த ஸ்கீம் எப்படின்னு எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

முதல்ல என்ன குடுத்தாங்கன்னு பாத்துடலாம். ஜூலை 24ந் தேதி லீக்கும் ப்ளேயர்ஸ் யூனியனும் பேசி முடிச்சாங்க. ரெண்டு வகை. ப்ளேயருக்கே ஆஸ்துமா, கேன்சர் ஹிஸ்டரி மாதிரி லிஸ்ட்ல இருக்கற வியாதி இருந்தா ஹை ரிஸ்க், அவருக்கு 3.5 லட்சம் டாலர், அதோட அந்த சீசன் சர்வீஸ் கணக்குலயும் சேரும். இந்த சர்வீஸ் கணக்கு சின்ன விஷயம் இல்ல, 4 சீசன் சேந்தாதான் ஒரு ப்ளேயர் இஷ்டப்பட்ட டீமுக்குப் போய் நல்ல விலை பேச முடியும். மத்தவங்களுக்கு 1.5 லட்சம் டாலர், சீசன் கணக்குல வராது. அந்த 1.5 லட்சமும் சும்மா குடுத்த காசு இல்ல, அட்வான்ஸ், அடுத்த வருஷ சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க.

இங்கதான் எனக்கு முதல் வருத்தம். நம்ம ஐடி கம்பெனில லாஸ் ஆஃப் பே போட்டு ஊருக்குப் போறவனுக்கு கைச்செலவுக்குன்னு அட்வான்ஸ் குடுத்து திரும்பி வந்ததும் கழிக்கற மாதிரிதான் இது. பெரிய ஸ்டாருக்கு பிரச்சனை இல்ல, ஏற்கனவே பேங்க்ல இருக்கு. ஆனா அந்த வருஷம் புதுசா வந்த பையனோட மினிமம் சம்பளமே 6.1 லட்சம் டாலர், அதுவும் டீம்ல இடம் கிடைச்சாதான், அவன் எதை நம்பி வீட்ல உக்காருவான் சொல்லுங்க, ஒரு வருஷம் கேப் விட்டா அவன் பேரே கோச்சுக்கு மறந்து போயிடும், இந்த விளையாட்டுல சராசரி ஆளோட கரியரே சில வருஷம்தான். கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருந்துச்சு, ஆனா வெளிய போக தைரியம் வர அளவுக்கு காசு எல்லார்கிட்டயும் இல்ல.

ரெண்டாவது வருத்தம், குடும்பத்தோட வியாதி ஹை ரிஸ்க் கணக்குல இல்ல. சீஃப்ஸ் ரன்னிங் பேக் (பந்தை வாங்கிட்டு ஓடற ஆளு) டேமியன் வில்லியம்ஸ் எடுத்துக்கோங்க. 2020 ஃபிப்ரவரி 2, மியாமி சூப்பர் பவுல் (லீக்கோட ஃபைனல்), 49யர்ஸ் டீமை 31-20ன்னு ஜெயிச்ச மேட்ச்ல கடைசி குவார்ட்டர்ல ரெண்டு டச் டவுன் (பந்தை எதிராளியோட கடைசிக் கோட்டுக்குள்ள கொண்டு போறது) போட்டவர், பந்தை வாங்கி ஓடியே 104 யார்ட் எடுத்தவர். அவங்க அம்மாவுக்கு ஸ்டேஜ் 4 கேன்சர். தினமும் லாக்கர் ரூம்ல அம்பது அறுபது பேரோட மூச்சு வாங்கிட்டு எப்படி அம்மா பக்கத்துல போய் நிப்பார்? ஆட வேணாம்னு முடிவு பண்ணார். எந்த மகனும் அதைத்தான் பண்ணுவான். ஆனா வியாதி அம்மாவுக்குத்தானே, இவருக்கு இல்லையேங்கறதுதான் ஸ்கீமோட கணக்கு. இந்த வைரஸே வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போறதுன்னு தெரிஞ்சும் இப்படி ரூல் எழுதினது எனக்கு இன்னைக்கும் ஜீரணிக்கல.

ஜயன்ட்ஸ் டீமோட நேட் சோல்டர் விஷயமும் அப்படித்தான் நெஞ்சைப் பிசையும். அவருக்கே முன்னாடி கேன்சர் வந்து போயிருக்கு, சின்னப் பையனுக்கு கிட்னில கேன்சர், போதாததுக்கு வீட்ல கைக்குழந்தை. பேட்ரியட்ஸோட மார்கஸ் கேனன் லிம்ஃபோமாங்கற கேன்சரை ஜெயிச்சு வந்த ஆளு. அதே டீம்ல டான்ட்டா ஹைடவருக்கு அந்த ஜூலைலதான் குழந்தை பொறந்துச்சு. பேட்ரியட்ஸ்ல மட்டும் 8 பேர் ஒதுங்கினாங்க, வேற எந்த டீம்லயும் அவ்வளவு இல்ல. அந்த வருஷம் அவங்களோட பெரிய ஸ்டார் டாம் பிரேடியும் டாம்பா டீமுக்குப் போயிட்டார், பேட்ரியட்ஸ் 7 ஜெயிச்சு 9 தோத்து முடிச்சு ப்ளே ஆஃப் பக்கமே போகல, டீமோட மொத்த சம்பளத்துக்கு லீக் வெச்ச வரம்புல இடம் பண்ணத்தான் இத்தனை பேரை ஒதுங்கச் சொன்னாங்கன்னு கூட சிலர் பேசினாங்க. லிம்ஃபோமா வந்த ஆளைப் பாத்து அப்படிப் பேச எப்படித்தான் மனசு வந்துச்சோ.

இந்த ஸ்கீம்ல நல்லது என்னன்னு கேட்டா நான் ஒரே ஒரு பேர் சொல்லுவேன், லாரன்ட் டுவர்னே டார்டிஃப். ஊர்ல பாதிப் பேருக்கு இவரைத் தெரியாது, ஏன்னா இவர் கார்ட், பந்தை எறியற குவார்ட்டர் பேக்குக்கு முன்னாடி நின்னு எதிராளியை மறிச்சுத் தள்ற வேலை, கேமரா இவங்க பக்கம் திரும்பவே திரும்பாது. 6 அடி 5 அங்குலம், 320 பவுண்ட் ஆளு. கனடாக்காரர், மெக்கில் யுனிவர்சிட்டில ஃபுட்பால் ஆடிக்கிட்டே மருத்துவம் படிச்சு 2018ல டாக்டர் ஆனவர். சூப்பர் பவுல் ஜெயிச்ச சில வாரத்துல உலகமே மூடிடுச்சு, இவர் ரெசிடென்சி (படிப்பு முடிஞ்சு எடுக்கற ஆஸ்பத்திரி பயிற்சி) முடிக்கல, அதனால டாக்டரா வேலை பாக்க முடியாது, சரின்னு மான்ட்ரியல் பக்கம் வயசானவங்களைப் பாத்துக்கற ஒரு ஹோம்ல ஆர்டர்லியா போய் சேந்துட்டார். மருந்து குடுக்கறது, படுத்த படுக்கையா இருக்கறவங்களைக் கவனிக்கறது, கவுன் மாஸ்க் கிளவுஸ் மாட்டி கழட்டி மாட்டி கழட்டி, இதான் வேலை. கியூபெக்ல அப்போ இந்த மாதிரி ஹோம்லதான் முதியவங்க கொத்து கொத்தா செத்துட்டு இருந்தாங்க. டீல் கையெழுத்தான அதே ஜூலை 24ந் தேதியே முதல் ஆளா ஆப்ட் அவுட் சொன்னார். ரிஸ்க் எடுத்தே ஆகணும்னா நோயாளிங்களைப் பாத்துக்கறதுல எடுக்கறேன், பிடிச்ச விளையாட்டை ஆடறதுக்காக ஊர்ல நோயைப் பரப்பற ஆளா இருக்க மாட்டேன்னு அவர் சொன்னதோட சாரம். அந்த வருஷ சம்பளம் 27.5 லட்சம் டாலர், அப்படியே விட்டுட்டார். வேலை போகாதுன்னு ஒரு ஏற்பாடு இல்லேன்னா இது நடந்திருக்காது. அதுக்கே நான் 2 ஸ்டார் குடுப்பேன். பின்னாடி அவரோட வெள்ளைக் கோட்டை ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்துல வெச்சாங்க.

டெட்லைன் விஷயத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 6 சாயங்காலம் 4 மணிக்குள்ள சொல்லணும், சொன்னா சொன்னதுதான், அந்த சீசன்ல திரும்பி வர முடியாது. அதுக்கப்புறம் உடம்புக்குப் புதுசா ஏதாவது வந்தாலோ வீட்ல யாராவது ரொம்ப சீரியஸ் ஆனாலோ மட்டும்தான் விதிவிலக்கு. ஆகஸ்ட் 6ல எவனுக்கு என்ன தெரியும்? சீசனுக்கு முந்தின ப்ராக்டிஸ் கேம்பே அப்போதான் சூடு பிடிக்குது, டெஸ்டிங் ஒழுங்கா நடக்குமான்னு தெரியாது. செப்டம்பர் கடைசில டைட்டன்ஸ் டீம்ல வரிசையா பாசிட்டிவ் வந்துச்சு. நவம்பர் 29ல ப்ராங்கோஸோட குவார்ட்டர் பேக் அத்தனை பேரையும் ஒதுக்கி வெச்சு, ப்ராக்டிஸ் ஸ்குவாட்ல ரிசர்வா இருந்த கெண்டல் ஹின்டன்னு, பந்தைப் பிடிக்கற ரிசீவர் பையன் ஒருத்தனை குவார்ட்டர் பேக்கா இறக்கினாங்க, பாவம், 9 த்ரோல 1தான் சேந்துச்சு. ஜாக்சன்வில் ரன்னிங் பேக் ரைக்குவெல் ஆர்ம்ஸ்டெட் கொரோனாவால ஆஸ்பத்திரி வரைக்கும் போய் சீசன் முழுக்க ஆடவே முடியல. 256 மேட்ச்சும் நடத்தி முடிச்சோம்னு லீக் பெருமைப்பட்டுச்சு, சரி, பெரிய வேலைதான், ஒத்துக்கறேன். ஆனா நடுவுல நிலைமையைப் பாத்து ஒருத்தன் மனசு மாறினா வெளிய போக வழி வெச்சிருக்கணும்.

சீஃப்ஸ் கதை என்னாச்சுன்னா, 2021 ஃபிப்ரவரி 7 டாம்பால அடுத்த சூப்பர் பவுல், 31-9ன்னு தோத்தோம், ஒரு டச் டவுன் கூட இல்ல. மஹோம்ஸ் மேட்ச் முழுக்க உயிரைக் கையில பிடிச்சுட்டு ஓடினார், கடைசில ஒரு தடவை கீழ விழுந்துட்டே உடம்பு தரைக்கு சமமா இருக்கும்போது எறிஞ்ச பந்து ரிசீவர் ஹெல்மெட்ல பட்டு விழுந்துச்சு, அதை இன்னைக்கும் என்னால பாக்க முடியல. உடனே எங்க ஃபேன் குரூப்ல சிலர் டாக்டர் (நம்ம டுவர்னே டார்டிஃப்தான்) இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்னு ஆரம்பிச்சாங்க. மறிக்கற லைனோட ரெண்டு ஓரத்துல நிக்கற டேக்கிள்ஸ் ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் ரெண்டு பேரும் அடிபட்டு வெளிய, டாக்டர் இடத்துல ஆட வந்த ஓசமேலேவுக்கும் அக்டோபர்லயே முட்டி போச்சு, லைன் மொத்தமும் ஒட்டுப் போட்ட லைன். அதுக்கு முதியோர் ஹோம்ல வேலை பாத்தவரை எப்படிங்க குத்தம் சொல்றது.

திரும்பி வந்தவங்க நிலைமைதான் மூணாவது வருத்தம். ஜெட்ஸோட சி.ஜே. மோஸ்லி 2021ல வந்து அருமையா ஆடினார், சோல்டர், ஹைடவர் ரெண்டு பேரும் வந்து ஆடினாங்க, அவங்களுக்கு ஸ்கீம் வேலை செஞ்சுச்சு. ஆனா டேமியன் வில்லியம்ஸை 2021 மார்ச்ல சீஃப்ஸ் கழட்டி விட்டுட்டாங்க, அவர் பேர்ஸ் டீமுக்குப் போனார். டாக்டர் திரும்பி வந்தார், கேம்ப்ல கை உடைஞ்சுது, அந்த இடத்துல ட்ரே ஸ்மித்னு புதுப் பையன் பிச்சு உதறிட்டான், நவம்பர்ல டாக்டரை ஜெட்ஸுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. கான்ட்ராக்டை ஒரு வருஷம் தள்ளி வெச்சாங்களே ஒழிய இடத்தைப் பிடிச்சு வெக்கல. ஸ்கீம்ல அப்படி எங்கயும் வாக்கு குடுக்கலதான், ஆனா குடும்பத்துக்காக ஒரு வருஷம் ஒதுங்கினவனுக்கு திரும்பி வந்த முதல் சீசனாவது டீம்ல இடம் நிச்சயம்னு யூனியன் கேட்டு வாங்கியிருக்கணும், அந்த டேபிள்ல அதைக் கேக்கற இடத்துல இருந்தது அவங்க மட்டும்தான்.

அதனாலதான் 3. இன்னொரு தடவை இப்படி ஒரு நிலைமை வந்து இதே ஸ்கீமைத் தூசி தட்டி எடுத்தாங்கன்னா, அம்மா அப்பா பொண்டாட்டி புள்ளையோட வியாதியையும் ஹை ரிஸ்க் லிஸ்ட்ல சேக்கட்டும், அந்த 1.5 லட்சத்தைத் திருப்பிக் கேக்காம இருக்கட்டும், அன்னைக்கே 5 போடறேன்.